மாடி டிபிக்கு எத்தனை ஆம்ப் ஃபீடர்? 63 கேட்ட இடத்தில் 25 போட்ட கணக்கு

பழைய தரைத்தள வீடு. மேலே புதிதாக இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை. கீழே மூன்று ஃபேஸ் சர்வீஸும் மெயின் டிபியும் (மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) ஏற்கெனவே இருக்கின்றன. மாடிக்குத் தனியாக ஒரு சப் டிபி வைத்தாயிற்று. கீழிருந்து அதற்குப் போகும் ஒயர்தான் ஃபீடர். அந்த ஃபீடருக்கு மெயின் டிபியில் எத்தனை ஆம்ப் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும், அதாவது டிரிப் ஆகும் சுவிட்ச்) போடுவது என்பதுதான் கேள்வி. கடையில் கேட்டால் "63 போட்டுடுங்க, டிரிப்பே ஆகாது" என்பார்கள். டிரிப்பே ஆகாது என்பதுதான் அதிலுள்ள கோளாறு.

ஃபீடர் எம்சிபி காப்பது ஒயரை. மாடியில் இருக்கும் ஏசிக்கும் கீசருக்கும் மாடி டிபியிலேயே தனித்தனி எம்சிபி உண்டு. கீழிருந்து சுவருக்குள் ஏறிப்போகும் 22 மீட்டர் ஒயருக்கு இந்த ஒரு எம்சிபியை விட்டால் வேறு காவல் இல்லை. மாடி டிபியின் தலையில் இன்னொரு எம்சிபி வைத்திருந்தாலும் அது ஒயரின் கடைசி நுனியில் உட்கார்ந்திருக்கிறது. வழியில் யாராவது சுவரில் துளை போட்டு ஒயரில் இறக்கினால் அதற்குத் தெரியவே தெரியாது.

ஆகவே மூன்று எண்கள் வரிசையாக நிற்க வேண்டும். லோடு இழுக்கும் ஆம்ப், அதற்குச் சமமாகவோ மேலாகவோ எம்சிபியின் ஆம்ப், அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒயர் அந்த இடத்தில் தாங்கும் ஆம்ப். நடுவில் இருப்பவர் ஒயரைத் தாண்டிவிட்டால் காவல் போயிற்று.

63-ஐ 6 ஸ்கொயர் (6 சதுர மில்லி மீட்டர்) ஒயரில் போட்டுப் பார்ப்போம். எம்சிபியின் தரநிலைப்படி (ஐஇசி 60898) எழுதியிருக்கும் ஆம்பைப் போல 1.13 மடங்கு போனாலும் ஒரு மணி நேரம் வரை டிரிப் ஆகக் கூடாது. 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகியே தீர வேண்டும். 63-க்கு இந்த இரண்டும் 71 ஆம்ப், 91 ஆம்ப். சுவர் பைப்புக்குள் 40 டிகிரி வெயிலில் 6 ஸ்கொயர் தாங்குவது ஏறக்குறைய 36 ஆம்ப். அதில் 60 ஆம்ப் ஓடினால் சூடு ஆம்பின் இருமடிக்கு ஏறும், 2.8 மடங்கு. 36 ஆம்பில் 30 டிகிரி ஏறிய ஒயர் இப்போது 85 டிகிரி ஏறும். சுற்றியிருக்கும் 40-ஐயும் சேர்த்தால் 125. பிவிசி உறையின் வரம்பு 70. எம்சிபியோ 60 ஆம்பைப் பார்த்து அசையாமல் நிற்கும், அதன் கணக்கில் அது குறைந்த லோடு.

லோடு கணக்கு

பெயர்ப்பலகையைப் படித்தோ வாட்டை 230-ஆல் வகுத்தோ எடுத்த ஆம்ப் இவை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரண்டு, உச்சத்தில் 8.5 வீதம் 17. இரண்டு கிலோவாட் கீசர் இரண்டு, 8.7 வீதம் 17.4. இண்டக்‌ஷன் அடுப்பு 8.7. ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷின் 8.7. அயர்ன் பாக்ஸ் 4.3. மிக்ஸி 3.3. ஃபிரிட்ஜ் 1.5. விளக்கு, ஃபேன், டிவி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 3.5. ஆக மொத்தம் 64.4 ஆம்ப், சுமார் 14.8 கிலோவாட்.

63 என்ற எண் இங்கிருந்துதான் முளைக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி, பக்கத்தில் கிடைக்கும் எம்சிபியை எடுப்பது. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. மொத்தத்தை 0.6-ஆல் பெருக்கிக்கொள் என்று ஒரு குறுக்குவழி உண்டு. பத்துப் பதினைந்து வீடு உள்ள அடுக்ககத்துக்கு அந்த மாதிரி குணகம் சரி. ஒரே வீட்டுக்கு நேரம் பார்த்துக் கூட்டுவதுதான் நம்பிக்கையானது, ஏனென்றால் கீசர் இரண்டும் ஒரே அரை மணி நேரத்தில்தான் ஓடும், குணகத்துக்காகக் காத்திருக்காது.

காலை ஆறரை: கீசர் இரண்டு 17.4, இண்டக்‌ஷன் 8.7, மிக்ஸி 3.3, ஃபிரிட்ஜ் 1.5, ஃபேனும் விளக்கும் 2, இன்னும் அணைக்காத ஒரு ஏசி 3.5. கூட்டினால் 36.4. இரவு ஒன்பது: அப்போதுதான் போட்ட ஏசி இரண்டு 17, இண்டக்‌ஷன் 8.7, வாஷிங் மெஷின் 8.7, ஃபிரிட்ஜ் 1.5, மற்றவை 3.5. அதாவது 39.4. ஒற்றை ஃபேஸில் மாடியை ஓட்டினால் 40 ஆம்ப் ஃபீடர் வேண்டும். 32 போட்டால் 1.23 மடங்கு போகிறது. உடனே டிரிப் ஆகாது, அரை மணி, முக்கால் மணி கழித்து இரவுச் சமையல் நடுவே ஆகலாம். "எம்சிபி டிஃபெக்ட்" என்று மாற்றுவார்கள், புதியதும் அதையே செய்யும். பிறகு 63 வரும்.

40 ஆம்புக்கு ஒயர் 10 ஸ்கொயர். ஐஇசி 60364 அட்டவணையில் சுவர் பைப்புக்குள் இரண்டு ஒயர் லோடு ஏந்தும்போது 10 ஸ்கொயர் பிவிசி 57 ஆம்ப், 6 ஸ்கொயர் 41. இவை 30 டிகிரிக்கு. வேலூர், கரூர், திருச்சி பக்கம் மே மாதத்தில் நிழலிலேயே 40 தாண்டும். 40 டிகிரிக்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும், 45-க்கு 0.79. அப்படியானால் 10 ஸ்கொயர் 49.6, மேற்குச் சுவரில் போனால் 45. இரண்டுமே 40-க்கு மேல். ஒயர் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அது எந்த வெப்பநிலைக்கு, திறந்த வெளிக்கா பைப்புக்கா என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஒரு இடத்தில் இந்தக் கணக்கு வழுக்கும். ஃபீடர் போகும் பைப்பில் இடம் இருக்கிறதே என்று மொட்டைமாடி மோட்டார் ஒயரையும் சேர்த்து இழுத்தால் இரண்டு சர்க்யூட் ஒரே பைப்பில். அதற்கு 0.8 குணகம். 49.6 இப்போது 39.7 ஆகிவிட்டது, 40 ஆம்ப் எம்சிபிக்குக் கீழே. மூன்று சர்க்யூட் என்றால் 0.7. ஃபீடருக்குத் தனிப் பைப் வைப்பது செலவே இல்லாத பாதுகாப்பு.

ஒற்றை ஃபேஸைக் கைவிட்டது ஏன்

கணக்கு 40-க்கு வந்தாலும் அதைச் செய்யவில்லை. இந்த வீட்டின் சேங்க்‌ஷன் லோடு 8 கிலோவாட், மூன்று ஃபேஸில். ஒரு ஃபேஸுக்கு 8000 வகுத்தல் 690 (மூன்று ஃபேஸ், 230 வோல்ட் வீதம்), அதாவது 11.6 ஆம்ப். மாடி முழுவதையும் ஒரே ஃபேஸில் தொங்கவிட்டால் அந்த ஒரு ஃபேஸ் மட்டும் 9.2 கிலோவாட் இழுக்கும். முழு வீட்டுக்கும் வாங்கிய அனுமதியை மாடியின் ஒரு ஃபேஸே தாண்டுகிறது. கம்பத்தடி ஃபியூஸ் அந்த ஃபேஸில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். சேங்க்‌ஷன் லோடை உயர்த்த விண்ணப்பிப்பது எப்படியும் செய்ய வேண்டியது. அதோடு மூன்று ஃபேஸையும் மாடிக்கு ஏற்றுவது என்று முடிவாயிற்று.

மூன்று ஃபேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர். பிரித்தது இப்படி. ஆர் ஃபேஸில் முதல் அறை ஏசி, முதல் கீசர், பாதி விளக்கு ஃபேன்: 8.5, 8.7, 2, ஆக 19.2. ஒய் ஃபேஸில் இரண்டாம் அறை ஏசி, இரண்டாம் கீசர், அயர்ன் பாக்ஸ் பாயிண்ட், மீதி விளக்கு: 23. பி ஃபேஸில் சமையலறையும் வாஷிங் மெஷினும்: 22.2. விளக்குகளை வேண்டுமென்றே இரண்டு ஃபேஸில் பிரித்தது, ஒரு ஃபேஸ் போனால் மாடி முழுக்க இருட்டாகிவிடக் கூடாது என்பதற்காக.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் எந்த ஃபேஸும் 25-ஐத் தொடவில்லை. ஆகவே 25 ஆம்ப், 4 போல் எம்சிபி, மூன்று ஃபேஸையும் மின்னோட்டம் திரும்பும் நியூட்ரலையும் சேர்த்து அணைப்பது. இங்கே குணகம் எதுவும் தேவைப்படவே இல்லை.

ஒயர்? மூன்று ஃபேஸில் பைப்புக்குள் லோடு ஏந்தும் ஒயர் மூன்று என்பதால் அட்டவணை எண் குறையும்: 4 ஸ்கொயர் 28, 6 ஸ்கொயர் 36. நாற்பது டிகிரிக்கு 4 ஸ்கொயர் 24.4 ஆகிறது. 25 ஆம்ப் எம்சிபிக்கு அரை ஆம்ப் குறைவு. அரை ஆம்ப்தானே என்று விட்டால் மேற்குச் சுவரில் 22-க்கு இறங்கிவிடும். 6 ஸ்கொயர் 31.3, 45 டிகிரியிலும் 28.4. 6-ஐ எடுத்தது அதனால்.

வோல்டேஜ் இறக்கம் இந்த நீளத்தில் கவலையில்லை. 6 ஸ்கொயர் சூடான நிலையில் மீட்டருக்கு சுமார் 3.95 மில்லி ஓம். மூன்று ஃபேஸும் சமமாக 25 ஆம்ப் ஓடினால் 22 மீட்டரில் 2.2 வோல்ட், ஒரு சதவீதத்துக்குள். ஒரே ஒரு ஃபேஸ் மட்டும் ஓடி நியூட்ரலில் முழுதும் திரும்பினால் 4.3 வோல்ட். அறுபது எழுபது மீட்டர் தள்ளி இருக்கும் தோட்ட வீட்டுக்கு இழுக்கும்போதுதான் இந்தக் கணக்கு ஒயர் அளவை மாற்றும்.

63-க்கு எதிராக இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. சி கர்வ் என்ற வகை எம்சிபி ஷார்ட் ஆனவுடன் படக்கென்று விழ, அதன் ஆம்பைப் போல 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் வேண்டும். நிச்சயமாக விழும் என்று சொல்ல 10 மடங்கைத்தான் எடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரமான கடைசி வீடு, அதன் சர்வீஸ் லூப், அதாவது டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்வரும் பாதையின் மின்தடை, அரை ஓம் என்று வையுங்கள். ஃபீடரின் போகவர 0.145 ஓம். மாடி டிபியில் ஷார்ட் ஆனால் 230 வகுத்தல் 0.645, சுமார் 356 ஆம்ப். 25 ஆம்ப் எம்சிபிக்கு 250 போதும், விழுந்துவிடும். 63-க்கு 630 வேண்டும். அது வரவே வராது. ஷார்ட் ஆன ஒயர் நொடிக்கணக்கில் எரிந்துகொண்டிருக்க, எம்சிபி அதை ஓவர்லோடு என்று நினைத்துப் பொறுமையாகச் சூடாகிக்கொண்டிருக்கலாம்.

ஃபேஸ் செலக்டர் எங்கே உட்கார வேண்டும்

ஒரு ஃபேஸ் போனால் சுவிட்சைத் திருப்பி வேறு ஃபேஸில் ஓட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூன்று திருகு சுவிட்ச், ஒவ்வொன்றிலும் ஆர், ஒய், பி. இந்த வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். அதைக் கீழே மெயின் டிபிக்கு முன்னால் வைப்பதா, மாடி டிபிக்குள் வைப்பதா என்பது அழகு சார்ந்த விஷயமல்ல.

கீழே, ஃபீடர் எம்சிபிக்கு முன்னால் வைத்ததாக வையுங்கள். ஆரும் பியும் போய்விட்டன, மூன்று திருகையும் ஒய்யில் வைக்கிறார்கள். இப்போது ஃபீடரின் மூன்று ஃபேஸ் ஒயரிலும் ஒரே ஃபேஸ். ஒவ்வொன்றிலும் 19, 23, 22 ஆம்ப். எம்சிபியின் மூன்று போலும் 25-க்குள், ஒன்றும் விழாது. ஆனால் நியூட்ரலுக்கு என்ன ஆகிறது? மூன்று ஃபேஸ் வேறு வேறாக இருந்தபோது நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டிருந்தன. ஒரே ஃபேஸ் ஆனதும் கழிவதில்லை, கூடுகின்றன. 64 ஆம்ப் ஒரே ஒரு 6 ஸ்கொயர் கறுப்பு ஒயரில் திரும்புகிறது. எம்சிபி டிபிஎன் (டிரிபிள் போல் அண்ட் நியூட்ரல்) வகையாக இருந்தால் அதன் நியூட்ரல் போலில் வெறும் சுவிட்ச் மட்டுமே, பாதுகாப்பு இல்லை. பவர் கட் நேரத்தில் யாரும் பார்க்காமல் கறுப்பு ஒயர் மட்டும் வெந்துபோன பைப்புகள் இப்படித்தான் உருவாகின்றன.

அதே செலக்டரை மாடி டிபிக்குள், ஃபீடருக்குப் பின்னால் வையுங்கள். மூன்றையும் ஒய்யில் திருப்பினால் மொத்த லோடும் ஃபீடரின் ஒய் ஒயர் வழியாகத்தான் வர வேண்டும். 25-ஐத் தாண்டினால் கீழே எம்சிபி விழும். நியூட்ரலிலும் அதே 25-க்குள்தான் ஓடும். ஒரு ஃபேஸ்தான் இருக்கும்போது இரண்டு கீசரும் அடுப்பும் ஓட்ட முடியாது என்பதை எம்சிபி சொல்லிக்கொடுத்துவிடும். ஆகவே செலக்டர் மாடியில். எம்சிபியும் டிபிஎன் அல்ல, நான்கு போலிலும் பாதுகாப்பு உள்ள 4 போல். விலை கொஞ்சம் கூட, வாங்கும்போது முகப்பில் நாலாவது போலில் N என்ற எழுத்து மட்டும் இருக்கிறதா, ஆம்ப் வளைவுக் குறியும் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

நியூட்ரலைப் பற்றி இன்னும் ஒன்று. மூன்று ஃபேஸ் ஃபீடரில் நியூட்ரல் கழன்றால் ஒற்றை ஃபேஸில் போல வெறுமனே அணைந்துவிடாது. ஆர் வரிசையில் ஒரு கீசர், 26 ஓம். ஒய் வரிசையில் டிவியும் ஃபேனும் சேர்த்து 100 வாட், 529 ஓம். நியூட்ரல் இல்லாவிட்டால் இவை இரண்டும் வரிசையாகச் சேர்ந்து 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். டிவிக்கு 381 வோல்ட். கீசர் குளிர்ந்தே கிடக்கும், டிவி புகையும். எந்த எம்சிபியும் எந்த ஆர்சிசிபியும் (மின்கசிவைக் கண்டு விழும் சுவிட்ச்) இதைப் பிடிக்காது. நியூட்ரல் ஒயரை வழியில் எங்கும் வெட்டி ஜாயிண்ட் போடாமல் ஒரே துண்டாக இழுப்பதும், அதன் திருகை மற்றவற்றைவிட ஒருமுறை அதிகம் சரிபார்ப்பதும் அதனால்தான்.

ஆர்சிசிபி

ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது. 40 ஆம்ப் ஆர்சிசிபி என்றால் அது 40 வரை தாங்கும் என்றுதான் பொருள், 40-இல் விழும் என்றல்ல. ஆகவே அதன் ஆம்ப் ஃபீடர் எம்சிபிக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் போதும். இங்கே மாடி டிபியில் ஃபேஸுக்கு ஒன்று வீதம் 40 ஆம்ப், 30 மில்லி ஆம்ப், 2 போல் மூன்று. ஒரே 4 போலில் முடித்தால் செலவு குறையும், ஆனால் ஒரு கீசர் கசிந்தால் மாடி முழுக்க அணையும்.

கீழே மெயின் டிபியிலும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஃபீடரை எடுத்தால் மாடிக் கீசர் கசியும்போது கீழே விழுமா மேலே விழுமா என்பது அதிர்ஷ்டம். ஃபீடரை அதற்கு முன்னாலிருந்து எடுத்து, தனியாக 100 மில்லி ஆம்ப், எஸ் வகை என்று குறித்த தாமத ஆர்சிசிபி ஒன்றைக் கீழே வைத்தோம். அது எதற்கு, மேலே மூன்று இருக்கிறதே என்றால், ஃபீடர் ஒயருக்காக. இங்கே எர்த் குழியின் மின்தடை 5 ஓம் என்று வைத்தால் ஃபேஸ் ஒயர் எர்த்தைத் தொட்டாலும் 46 ஆம்ப்தான் ஓடும், 25 ஆம்ப் எம்சிபி விழ நேரம் பிடிக்கும். 10 ஓம் என்றால் 23 ஆம்ப், விழவே விழாது. வெயில் காலத்தில் குழி காய்ந்தால் 10 ஓம் சாதாரணம்.

ஃபேஸுக்கு ஒரு ஆர்சிசிபி வைத்த டிபியில் நியூட்ரல் லிங்கும் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) மூன்று. ஆர் வரிசை சர்க்யூட்டின் நியூட்ரலை ஒய் லிங்கில் செருகிவிட்டால் விளக்கைப் போட்டதும் இரண்டும் விழும். இன்வெர்ட்டர் வீடுகளில் இது இன்னும் வம்பு. இன்வெர்ட்டரில் ஓடும் விளக்குகளுக்கு இரண்டு வரிசையிலிருந்தும் நியூட்ரல் எடுத்திருப்பார்கள். இன்வெர்ட்டருக்குப் போகும் ஃபேஸும் அந்த விளக்குகளின் நியூட்ரலும் ஒரே ஆர்சிசிபியின் கீழ் இருக்க வேண்டும்.

பொருளும் வேலையும்

மெயின் போர்டிலும் மீட்டர் பக்கத்திலும் கை வைப்பதற்குத் தகுதிச் சான்று உள்ள ஒயர்மேன் வேண்டும், மீட்டருக்கு முந்திய சீல் ஈபியுடையது. கீழே இருந்த பழைய இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சை எடுத்துவிட்டு 40 ஆம்ப் 4 போல் எம்சிபி இன்கமராக, அதாவது மெயின் டிபியின் முதல் எம்சிபியாக, வந்தது. மீட்டரிலிருந்து வரும் ஒயர் 10 ஸ்கொயர் என்பதைப் பார்த்த பிறகே அந்த 40. இன்கமர் 40, ஃபீடர் 25 என்பதால் மாடி ஓவர்லோடு ஆனால் மாடி ஃபீடர்தான் முதலில் விழும், வீடு முழுக்க அணையாது. பெரிய ஷார்ட் ஆனால் இரண்டும் சேர்ந்து விழலாம், சாதாரண எம்சிபிகளில் அதைத் தவிர்க்க வழியில்லை.

ஃபீடருக்கு 6 ஸ்கொயரில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, எர்த்துக்குப் பச்சை, ஒவ்வொன்றும் 24 மீட்டர். இரண்டு மீட்டர் டிபிகளுக்குள் சுற்றுவதற்கு. எர்த் ஒயர் ஃபேஸ் ஒயரின் அதே அளவு, இங்கே கஞ்சத்தனம் கூடாது. முழு காயில் 90 மீட்டர், ஐந்து நிறத்தில் ஐந்து காயில் வாங்கத் தேவையில்லை, மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பைப் 25 மில்லி மீட்டர். 20 பைப்பில் ஐந்து 6 ஸ்கொயர் நுழையும், ஆனால் இரண்டாவது வளைவில் உறை உரியும். மாடி டிபி 4 வே டிபிஎன், செலக்டர் வைக்க இடமுள்ளது, இன்கமர் 40 ஆம்ப் 4 போல் ஐசோலேட்டர் (தானாக விழாத வெறும் சுவிட்ச்). அவுட்கோயிங்கில் ஏசிக்கு 4 ஸ்கொயரும் 20 ஆம்பும், கீசருக்கு 2.5 ஸ்கொயரும் 16 ஆம்பும். நாளைக்கு மின்கார் சார்ஜர் வந்தால் அது மெயின் டிபியிலிருந்து தனி ஃபீடரில் போகட்டும், இந்த 25-இல் அதற்கு இடமில்லை.

முனைகளில்தான் வேலையின் தரம் தெரியும். 6 ஸ்கொயர் ஃப்ளெக்சிபிள் ஒயரில் 0.3 மில்லி மீட்டர் இழை 84 இருக்கும். எம்சிபி ஓட்டையில் சிரமமாக இருக்கிறது என்று பத்து இருபது இழையைக் கட்டரில் நறுக்கிவிட்டு நுழைப்பவர்கள் உண்டு. நறுக்கிய இடத்தில் அது 6 ஸ்கொயர் அல்ல, 4.5. எம்சிபி முனை 6 ஸ்கொயரை மட்டுமல்ல 16-ஐயும் ஏற்கும். நுழையவில்லை என்றால் திருகை முழுக்கத் திறக்கவில்லை என்று அர்த்தம். உறையை 12 மில்லி மீட்டர் உரித்து, இழைகளை முறுக்காமல் அப்படியே பின் லக்கில் நுழைத்து, கிரிம்பிங் டூலால் அழுத்தி, பிறகு முனையில்.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. எம்சிபி முனைக்குள் ஒரு சிறு உலோகக் கூண்டு திருகோடு ஏறி இறங்கும். அது பாதி ஏறியிருக்கும்போது ஒயரைத் தள்ளினால் கூண்டுக்குள் போகாமல் அதன் பின்னால் போய் நிற்கும். திருகு இறுகும், ஸ்க்ரூடிரைவரும் நின்றுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஒயரோ பிடியில் இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு ஒயரையும் இறுக்கியபின் பிடித்து இழுத்துப் பார்ப்பது இதற்காக. டார்க் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் எம்சிபியோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு, பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரைச் சுற்றி.

எம்சிபிகளை நெருக்கியடித்து அடுக்கினால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் போகும். அவை 30 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. மூடிய இரும்பு டிபிக்குள் 50 டிகிரி ஆனால் 25 ஆம்ப் ஏறக்குறைய 22, 23 போல நடந்துகொள்ளும். ஃபீடர் எம்சிபியின் இருபுறமும் ஒரு மாட்யூல் இடம் விட்டு வெற்று மூடி போட்டது அதனால்.

சோதனை

மெயின் அணைந்த நிலையில், சாதனங்கள் எல்லாம் கழற்றி, 500 வோல்ட் மெகரால் (உறையின் மின்தடையை அளக்கும் கருவி) ஃபீடரின் ஒவ்வொரு ஒயருக்கும் இடையேயும் எர்த்துக்கும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஒயரை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். புது ஒயர் நூற்றுக்கணக்கில் காட்டும். பிறகு மின்சாரம் கொடுத்து, மாடி டிபியில் எம்சிபி எல்லாம் அணைந்திருக்கும்போதே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அல்லது 240, ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் 400 அல்லது 415 வருகிறதா என்று. நியூட்ரலைச் சந்தேகிக்க இதுதான் கடைசிச் சந்தர்ப்பம், டிவியை இணைத்த பிறகு அல்ல.

அதன் பின் லோடு. கீசர், அடுப்பு, ஏசி, அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் சூடுநீர் ஓட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு மணி நேரம். கிளாம்ப் மீட்டர் காட்டிய உச்சம் ஆர் 17.8, ஒய் 21.6, பி 20.9. இந்த மூன்றுக்கும் கணக்குப்படி நியூட்ரலில் 3.5 வர வேண்டும், மீட்டரில் 5 வந்தது. இன்வெர்ட்டர் ஏசியின் ஹார்மோனிக்ஸ் நியூட்ரலில் கழியாமல் கூடும், அந்த வித்தியாசம் இயல்பு. 35-ஐ ஒட்டி வந்திருந்தால் ஏதோ இரண்டு வரிசை ஒரே ஃபேஸில் மாட்டியிருக்கிறது என்று தேடியிருக்க வேண்டும். செலக்டர் மூன்றையும் ஒய்யில் திருப்பியும் பார்த்தாயிற்று. சில நிமிடங்களில் கீழே ஃபீடர் எம்சிபி விழுந்தது, விழ வேண்டியதுதான்.

இழைக்கம்பி முதல் சில வாரச் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து எல்லாத் திருகையும் மறுபடி இறுக்க வேண்டும், நியூட்ரலில் ஆரம்பித்து.

மெயின் டிபி கதவின் உள்பக்கம் ஒட்டிய சீட்டில் இருப்பது: "மாடி ஃபீடர். 25 ஆம்ப், சி, 4 போல். 6 ஸ்கொயர், 22 மீட்டர், தனிப் பைப். இது விழுந்தால் மாடியில் லோடைக் குறைக்கவும். 25-க்கு மேல் மாற்றக் கூடாது."